சொத்து விவரம்

சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
பதினாறு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
நான்கு எல்லை சொல்லாமல் ஒரு சென்ட்
யாருக்கும் நான் தாண்டிவிட்டதில்லை.

இன்று மேசைக்கு வந்திருப்பது நாற்பத்தோரு பக்கம்.
முத்திரைத்தாள் இல்லை. சர்வே எண் இல்லை.
நாலே எழுத்து, ஏ, சி, ஜி, டி,
எறும்புச் சாரையாய்ப் பக்கம் தாண்டி ஊர்கின்றன.
"உங்க குடும்பத்துலேர்ந்து கிடைச்சது சார்" என்கிறார்
ஹைதராபாத்திலிருந்து வந்த டாக்டர் பெனிட்டா,
பிள்ளை பிறந்ததைச் சொல்கிற குரலில்.

கிடைச்சது.
ரெண்டாயிரத்து ஆறு வைகாசி,
பள்ளிக்கூட வராந்தாவில் முகாம்.
அண்ணன் முப்பிடாதி கை நீட்டினான்.
ஒரு எவர்சில்வர் தூக்கு, ரெண்டு வாழைப்பழம் கொடுத்தார்கள்.
தூக்கு இருக்கிறது; மூடியைக் காணோம்.
அடுத்த தையில்
பம்ப்செட் சுவிட்சைப் போட்ட கையோடு உட்கார்ந்தவன்
எழவில்லை. முப்பத்தொன்று.
சித்தப்பா முப்பத்தெட்டு. அவருக்கு மூத்தவர் முப்பத்தாறு.
"அந்த வீட்டு ஆம்பளைக்கு
நாப்பதாவது தீவாளி கெடையாதுலே" என்பார்கள் டீக்கடையில்,
நான் வந்தால் பேச்சை மாற்றுவார்கள்.
எனக்கு இந்த ஐப்பசி நாற்பதாவது.

தொழில் புத்தி, வாசிக்கிறேன்.
கோரிக்கை ஒன்று: தனித்துப் பிரித்தெடுத்த மேற்படி வரிசை.
கோரிக்கை ஏழு: அதைக்கொண்டு நோய் அறியும் முறை.
கோரிக்கை பன்னிரண்டு: அதன் வழி வரும் எந்த மருந்தும்.
கோரிக்கை இருபத்திரண்டு:
இனித் தெரியவரும் பிற பயன்கள்.

சிரித்துவிட்டேன்.
எங்கள் பழைய கிரயப் பத்திரத்திலும் உண்டே இது,
நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம்,
ஆகாமியம், சித்தம், சாத்தியம்.
மண்ணுக்கடியில் புதையல் இருந்தால் அதுவும்,
இன்னும் நடாத தென்னையின் இன்னும் காய்க்காத காயும்.

"உடம்புல இருக்கறதை யாரும் வாங்கலை சார்.
வெளியே பிரிச்சு எடுத்ததுக்கு மட்டும்தான்."

அம்மா, பிரிபடாத பொதுச் சொத்தில்
ஒரு பாகஸ்தன் கையெழுத்துப் போட்டால்
மற்றவன் பாகம் போய்விடாது.
இதில் எனக்குப் பாகம் உண்டு.
என் மகன் சுடர்வேலுக்கு உண்டா என்று
உங்கள் பரிசோதனைதான் சொல்லவேண்டும்.
அதன் கட்டணம், என் கணக்கில், அறுபது பத்திரம்.
வில்லங்கம் போட்டுப் பார்க்கவும் வழியில்லை.
இங்கே சொத்தே வில்லங்கம்.

இன்னும் ஐந்து மில்லி வேண்டுமாம்.
மருந்து பாதி வழி வந்துவிட்டதாம்.
ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறார்.
கையெழுத்துக்கு மேலே வெற்றிடம் கிடந்தது.
பழக்கதோஷம், எழுதினேன்:

கிழக்கே, பம்ப்செட் ரூம்.
மேற்கே, சித்தப்பா ஏறி, இறங்காத பாபநாசம் பஸ்.
தெற்கே, மூடியில்லாத தூக்கு.
வடக்கே, கன்னடியன் கால்வாய்,
அதில் தலைகீழாய்க் குதிக்கும் ஒன்பது வயது.
இதற்குட்பட்ட ரத்தம் ஐந்து மில்லி.
ஆகாமியம், சாத்தியம் நீங்கலாக.

"இப்படியெல்லாம் எழுதக்கூடாது சார்."
பையிலிருந்து வேறு படிவம் எடுக்கிறார்.
உள்ளே டோக்கன் பதினேழைக் கூப்பிடுகிறார்கள்;
என் கட்சிக்காரர் எழுந்து, வேட்டியை உதறி, என்னைப் பார்க்கிறார்.
அவரை இருக்கச்சொல்லிக் கைகாட்டிவிட்டு
சட்டையை மடிக்கிறேன்.
"எந்தக் கை?" என்கிறேன்.