பொத்துவில் பஸ்

தம்பிலுவில் முன்பள்ளியில்
எட்டுப் பிளாஸ்டிக் கதிரை
வரிசையாக நின்றால்
அது பொத்துவில் பஸ்.

பூவரசிலைதான் காசு.
ரிக்கற், போன வருசக் கலண்டர்.
கோமாரிக்கு மூன்று இலை.
ஐந்து கொடுத்த கபிலாஷுக்கு
மிச்சம் எத்தனை என்று
லதுர்ஷா விரல் மடக்குகிறாள்;
ஒரு விரல் சொல்வழி கேளாமல்
திரும்பத் திரும்ப நிமிர்கிறது.

சசிரேகா ரீச்சருக்கு இடமில்லை.
இல்லாத கம்பியைப் பிடித்தபடி
ஆடி ஆடி நிற்கிறா.

கோப்போடு வந்த உத்தியோகத்தர்
காலியாய்க் கிடந்த முன்கதிரையில் அமர்ந்தார்.
"இன்றைக்கு என்ன பாடம்?"

ஒருவரும் பேசவில்லை.
பேனையைத் திறந்தார்.
"எத்தனை பேர் 'அ' எழுதுவீங்க?"

"ஐயோ, பேனைய வைங்க!"
கத்தினாள் கொண்டக்டர்.
"நீங்கதானே ட்ரைவர்.
முன்னால மாடு நிக்கிது."