பச்சையை எடுத்தல்

ஆறு யார் துணி.
புறக்கோட்டையில் வாங்கும்போது
கல்யாணத்துக்கா, கட்சிக்கா என்று கேட்டான் கடைப் பொடியன்.
காணாமல் போவதற்கு என்றேன்.
மிச்சக் காசை இரண்டுதரம் எண்ணித் தந்தான்.

வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு ஒரு ஒழுங்கை உள்ளே,
நாலாம் மாடி எங்கள் ஸ்ரூடியோ.
மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல்,
ஜன்னல் முழுக்கக் கடல்.
வெளிச்சம் ஒரே மாதிரி நிக்குதில்லை என்றான் நுஸ்கி.
கடலின் மேல் துணியை அடித்தோம்,
பதினாலு ஆணி, இரண்டு உடுப்புக் கிளிப்.

ஜெசிந்தா கொட்டாஞ்சேனையிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்தாள்.
துணிக்கு முன்னால் நின்று, கையை விரித்து,
"உங்கள் கட்டிலில் கிடந்தபடியே கடலைப் பாருங்கள்" என்றாள்,
தமிழில் நாலு தடவை, சிங்களத்தில் ஆறு.
அந்த மாடிவீடு இன்னும் எழும்பவில்லை.
பொரளைப் பக்கம் கிடங்கு வெட்டி
மழைத்தண்ணி தேங்கி நுளம்பு குடியிருக்கிறது.
இருபதாம் மாடியில் ஏறினால் கடல் தெரியுமாம்,
முதலாளி சொல்கிறார்.

கோச்சி போகும் போதெல்லாம் துணி நடுங்கியது.
நிறுத்தி, திரும்ப எடுத்தோம்.

இரவு. நான், மின்விசிறி, ஆறிப்போன பிளேன்ரீ.
பச்சையைத் தொட்டு இதுதான் என்று காட்டினால்
இது போன்றதையெல்லாம் கணினி கொண்டுபோகும்.
எவ்வளவு தூரத்துக்குப் போன்றது என்பதை
இழுத்து இழுத்து நான் சொல்லவேண்டும்.
முப்பதில் மூலைகள் மிஞ்சின.
நாற்பதில் துணியின் மடிப்புகள் போயின.
நாற்பத்தைந்தில் அவளுடைய முடி
காதோரத்திலிருந்து கழரத் தொடங்கியது.

போன்றது.
அந்தச் சொல்லில் கை நின்றது.
ஒருகாலம் இதே ஒழுங்கையில்
யாரையோ போன்ற ஒருவன் என்று
என் சின்னண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.
பத்தொன்பதாம் நாள் விட்டார்கள்.
ஆள் அதே ஆள்தான்.
ஓரங்கள் மட்டும் கொஞ்சம் அரித்திருந்தன.

சரி, வேலையைப் பார்.

நாற்பத்திரண்டுக்குத் திரும்பி வந்தேன்.
கன்னத்தில் படிந்த பச்சையைக் கழுவினேன்,
முகம் ஊதாவாகிப் பிறகு முகமாகியது.
பின்னால் கடலை வைத்தேன்.
பதினெட்டு டொலருக்கு வாங்கிய கடல்,
எந்த நாட்டுடையதோ,
கரையில் தென்னைபோல ஒன்று நிற்கிறது, தென்னை இல்லை.

அப்போதுதான் கண்டேன் மூக்குத்தியை.
பச்சைக் கல். படப்பிடிப்பில் ஒருவரும் கவனிக்கவில்லை.
துணியோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது.
இடது மூக்கில் கடுகளவு ஓட்டை,
ஓட்டைக்குள்ளே அந்நியக் கடல்
சின்னச் சின்னதாய் அலையடித்தது.
சிரிப்பு வந்தது. ஒரு மணி தாண்டியிருந்தது,
தனியே சிரிக்கப் பயமாகவும் இருந்தது.

இன்னொன்று.
மேல் மூலையில், ஆணி துணியைக் கிழித்த இடத்தில்,
கொட்டைப்பாக்களவு சாம்பல் நிறம்.
போகமாட்டேன் என்றது. பெருப்பித்துப் பார்த்தேன்:
பின்னேரம் நாலு மணி வெள்ளவத்தைக் கடல்,
கறுப்பாய் ஒரு புள்ளி, வள்ளமாக இருக்கவேண்டும்.
பச்சையாக இல்லாததால் தப்பியிருக்கிறது.
இப்படி மிஞ்சுவதை வெட்டி எறியும் கருவிக்கு
எங்கள் தொழிலில் குப்பை என்றே பெயர்.
கருவியை எடுத்தேன்.
பிறகு மூக்குத்தி வேலை நிறைய இருக்கிறது என்று
எனக்கே ஒரு சாட்டுச் சொல்லி வைத்துவிட்டேன்.

நாற்பத்தெட்டு வினாடி. ஆயிரத்து இருநூறு சட்டகம்.
ஒவ்வொன்றாய் ஓட்டையை அடைத்தேன்.
பச்சை வைத்தால் திரும்பவும் போய்விடுமோ என்ற பயத்தில்
சிவப்பு வைத்தேன்.

முதலாளி பார்த்தார்.
கடல் இன்னும் நீலமாய் இருக்கலாம் என்றார், அவ்வளவுதான்.
சாம்பல் கடல் மூலையில் அப்படியே கிடந்தது,
வள்ளமும்.

விளம்பரம் போன முதல் இரவு
ஜெசிந்தா போன் எடுத்தாள்.
வடிவாத்தான் இருக்கு என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"அம்மா கேக்கிறா,
ஆற்றை மூக்குத்தி போட்டு நிக்கிறாய் என்று."