கள்ளக்கடல்

பூம்பாறையில் பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டே
குழந்தைவேலு கேட்கிறார்:
டெல்பின், அலையில் எத்தனை ரகம்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் பார்த்துக் கட்டிக்கொண்டவர்.
கடலை டிவியில்தான் பார்த்திருக்கிறார்.

காற்று கிள்ளினால் எழும்புவது சிற்றலை,
டீயை ஊதுகிறீர்களே, அது.
பாறையில் மோதி வந்த வழியே திரும்புவது ஒன்று;
பின்னால் வருவதோடு முட்டி நடுவில் எகிறும்,
முட்டத்தில் கட்டுமரம் அதற்கு ஒதுங்கிப் போகும்.
சுருண்டு குழலாகி உடைவது.
உடையாமலே வழுக்கி வந்து
கால் நனைத்துப் போவது.
வாநீவாடு, சோநீவாடு என்று அப்பா சொல்வதெல்லாம் நீரோட்டம்,
அது வேறு கணக்கு.

சன்னல் வழியே கைகாட்டுகிறார்:
படிப்படியாய்ப் பூண்டு வயல்.
இது எந்த ரகம்?
இது உடையாது என்றேன்.
போன ஐப்பசியில் உடைந்ததே என்றார்,
கீழ்த்தோட்டம் முழுக்க
ரோட்டுக்கு வந்ததே.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.
காற்றே இருக்காது.
வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.
எங்கோ தென்கோடியில், பெயர் தெரியாத இடத்தில்
போன வாரம் அடித்து ஓய்ந்த புயல்
இன்று எங்கள் அடுப்படிக்குள் ஏறி
சோற்றுப்பானையை மிதக்கவிடும்.
கள்ளக்கடல் என்போம்.

இரவு பதினொன்று. மூடுபனி.
வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.
கம்பளிக்குள் நான் ஏன் அழுகிறேன் என்று
அவருக்குப் புரியவில்லை.
எனக்கும்தான்.

சொன்னேன், விட்டுப்போன ரகத்தை.

எழுந்து விளக்கைப் போட்டு
தரையைத் தொட்டுப் பார்க்கிறார்,
ஈரமா என்று.