கண்ணூறு

மல்லாவிச் சந்தியில், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே,
ஆறடிக்கு எட்டடி என் கடை.
ரீலோட், போட்டோக்கொப்பி, லமினேற்றிங்,
உடைந்த கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி.
பலகையில் எழுதாத வேலை ஒன்றும் உண்டு:
பாண்டியன்குளம் வரைக்கும் எல்லாருடைய
கடவுச்சொல்லும் எனக்குத் தெரியும்.

தாங்களாகவே சொல்லுவார்கள்.
"நீயே ஒண்டைப் போட்டு வச்சிரு பிள்ளை,
எனக்கு மறந்துபோகும்."
முக்கால்வாசிப் பேருக்கு ஒன்று இரண்டு மூன்று நான்கு.
சிலருக்கு உழவு இயந்திரத்தின் இலக்கம்.
ஒருவருக்கு மட்டும் ஆறு இலக்கத்தில் ஒரு திகதி;
பிறந்தநாளா என்று கேட்டேன்.
இல்லை என்றார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
நான் வாசலைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன்.

"எங்களிட்டை ஒளிக்க என்ன கிடக்கு?"
செல்வச்சந்திரன் அண்ணை வரும்போதெல்லாம் இதுதான்.
"முகாமிலை எத்தனை படிவம் நிரப்பினம்,
எத்தனை தரம் நிக்கவச்சுப் படமெடுத்தவங்கள்,
குடும்பக் காட்டின்ரை முன்பக்கம், பின்பக்கம்...
எண்ணாத ஆளுமில்லை, எண்ணாத நாளுமில்லை.
இனிக் கூகிள் வந்து எண்ணினால்தான் என்ன?"
கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்,
போன சித்திரை வரைக்கும்.

சித்திரையில்தான் கேமலதா அக்கா வந்தா.
மழை தின்ற கச்சான், அதன்மேல் கடன்.
வங்கி இரண்டு பிணையாள் கேட்டது.
போனில் வந்த செயலி ஒன்றுமே கேட்கவில்லை.
கேட்கவில்லை என்றுதான் நினைத்தோம்.
தொடர்புகளைப் பார்க்கலாமா? அனுமதி.
படங்களை? அனுமதி.
இருக்கும் இடத்தை? அனுமதி.
மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல் அவவுக்கு;
திரை அதை விரலென்று ஏற்கவில்லை.
அழுத்தியது என் விரல்.

இருபதாயிரம் என்று எழுதிப் பதின்மூவாயிரம் வந்தது.
ஏழாம் நாள் கட்ட முடியவில்லை.
எட்டாம் நாள் அவவின் படம்
மகளின் வகுப்பாசிரியைக்குப் போனது,
பால் சேகரிக்கும் பொடியனுக்குப் போனது,
பத்து வருடமாய்ப் பேசாத தமையனுக்குப் போனது.
கீழே கள்ளி என்று ஒரு சொல்,
அதுவும் எழுத்துப்பிழையோடு.
எனக்கும் வந்தது.
நானும் அவவின் தொடர்புகளில் ஒருத்திதானே.

அவ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
துணுக்காய்க்குப் போய் ரீலோட் போடுகிறாவாம்.

இப்போது நான் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன்,
ஒவ்வொரு அனுமதியையும்.
ரோர்ச் லைற் எரிய உங்கடை மகளின்ரை நம்பர் எதற்கு?
நாட்காட்டி பார்க்க உங்கடை குரல் எதற்கு?
"பஸ் வெளிக்கிடப் போகுது, சும்மா அமத்து பிள்ளை."
சிலர் எதிர்க்கடைக்கு மாறிவிட்டார்கள்.
அங்கே அரை நிமிடத்தில் முடியும்.

"பெரிய அப்புக்காத்து" என்றார் செல்வச்சந்திரன் அண்ணை.
"அப்ப எண்ணினவங்களுக்கு ஒரு முகம் இருந்தது அண்ணை,
இவங்கள் ஆரெண்டு தெரியுமோ?" என்றேன்.
தேத்தண்ணியை ஆற்றினார்,
ஆறின பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார்.
போகும்போது போனை மேசையில் வைத்து,
"அந்த ஒண்டு ரெண்டு மூண்டை ஒருக்கா மாத்து" என்றார்.
நீங்களே அழுத்துங்கோ என்று
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
இலக்கத்தை உரக்கச் சொல்லிச் சொல்லி அழுத்தினார்.

என் போனின் கமராவில் ஒரு ஒட்டுப்பொட்டு.
கறுப்பு, சின்னது, அட்டை முப்பது ரூபாய்.
போன கிழமை சிவில் உடுப்பில் ஒருவர்
ரீலோட் போட வந்தவர், அதைக் கண்டார்.
இது என்னத்துக்கு என்றார், உடைந்த தமிழில்.
கண்ணூறு படாமலிருக்க என்றேன்.
சிரித்தார்.
தன் போனையும் நீட்டினார்.
ஒன்று ஒட்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

உங்கட நம்பர் தாங்க, தேவைப்பட்டால் எடுக்க என்றார்.
கடை நம்பர் வெளியிலை பலகையிலை இருக்கு என்றேன்.