பதினான்காவது இருக்கை

என் வேனில் பதினான்கு இருக்கைகள்.
பதின்மூன்றுக்கு மாதம் எண்பது வெள்ளி.
பதினான்காவது, என் முதுகுக்குப் பின்னால்,
ருத்ரிகாவுக்கு. இலவசம்.

பாலர் பள்ளி எட்டு மணிக்குத்தான்.
இவள் ஆறேகாலுக்கே ஏறிவிடுவாள்,
ஈரத் தலையும் கடித்த ரொட்டியுமாக.
பெரிய பிள்ளைகள் சீனத்தில் எண்ண
இவளும் கூடவே எண்ணுவாள்,
நான்கை மட்டும் எப்போதும் விட்டுவிட்டு.

லோரி சிந்திய செம்பனைப் பழங்கள்
நசுங்கிக் கிடக்கும் சாலையில்
முதலில் வருவது தமிழ்ப்பள்ளி.
அங்கே நான் பிரேக்கைத் தொட்டதில்லை.
காவலாளி கையசைப்பார்,
ஒருமுறை ஹாரன் அடிப்பேன்.
அப்புறம் திடலுக்கு அந்தப் பக்கம் தேசியப் பள்ளி.
அப்புறம் பட்டணம், வங்கி, வங்கிக்குப் பின்னால் சீனப்பள்ளி.
பதின்மூன்று பேரும் அங்கேதான் இறங்குவார்கள்.

பதிவு முடிய நான்கு நாள் இருக்கையில்
அமுதரசி கைப்பேசியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
"மூணு கட்டம் இருக்கு. வரிசையாப் போடணும்."

அவள் படித்தது இந்தத் தமிழ்ப்பள்ளியில்தான்.
பட்டணம் போனதும் புகுமுக வகுப்பில் ஓராண்டு.
யாரோ கடன் வாங்கித் திருப்பித் தராத ஆண்டு போல
இன்னும் அதைச் சொல்வாள்.
கழிவறைக்குப் போக மலாயில் கேட்கத் தெரியாமல்
மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவள்
இன்று கையுறைத் தொழிற்சாலையில்
நேப்பாளிகளுக்கு மலாயில்தான் வேலை சொல்கிறாள்,
ஒரு சொல் பிசகாமல்.
"சீனம் தெரிஞ்சா சம்பளம் கூட" என்பாள்.
பாத்திரம் கழுவி முடிப்பதற்குள்
"தமிழ் இல்லாம எங்கிட்ட எதுல சண்டை போடுவா?" என்பாள்.

மச்சான் குணசீலன் மகன் சீனப்பள்ளியில் நான்காம் ஆண்டு.
பள்ளி, டியூஷன், இன்னொரு டியூஷன்.
என் வேனில் தூங்கி என் வேனிலேயே விழிப்பான்.
தைப்பூசத்தன்று கோவில் அறிவிப்புப் பலகையை
சுவரோவியம் பார்ப்பதுபோலப் பார்த்து நின்றான்.
ஆனால் கடையில் அவனை ஒரு காசு ஏமாற்ற முடியாது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் மழையில் தலைமையாசிரியை வந்தார்.
புத்தகப் பை, கறுப்புக் காலணி,
உறையில் நூறு வெள்ளி.
"முதலாம் ஆண்டுக்கு அஞ்சு பேர்.
உங்க பொண்ணோட ஆறு."
காலணி ஓர் அளவு பெரிது.
வளர்ந்துடுவா என்றார்.
மேசைமேல் கிடந்த வேன் சாவியை எடுத்துச்
சட்டைப் பைக்குள் போட்டேன்.
அவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
தேநீர் ஆறிப்போயிற்று.

ருத்ரிகாதான் கதவருகே நின்று கேட்டாள்:
"ஆறு பேர்தான்னா
ஒளிஞ்சு விளையாடுனா சீக்கிரம் கண்டுபிடிச்சிருவாங்களே?"

கடைசி இரவு, வேலைக்குக் கிளம்பும்முன்,
கைப்பையைத் தோளில் மாட்டியபடியே
அமுதரசி கட்டங்களை அழுத்தினாள்.
முதலில் தமிழ்ப்பள்ளி.
மற்ற இரண்டும் எந்த வரிசையில் என்று நான் பார்க்கவில்லை.
ஏன் என்று கேட்டேன்.
"பக்கத்துல இருக்கு" என்றாள்.
அது காரணமில்லை என்று அவளுக்கும் தெரியும்.

முதல் நாள்.
அந்த வாசலில் முதன்முதலாக பிரேக்கை மிதித்தேன்.
காவலாளி கையசைக்க மறந்து நின்றார்.
இறங்கி, திரும்பிப் பார்க்காமல்,
பெரிய காலணி டப் டப்பென்று போனாள்.
பதின்மூன்று முகங்கள் கண்ணாடியில் ஒட்டியிருந்தன,
எண்ணாமல்.

கைப்பேசி அடித்தது. மூன்றாம் லயத்துக் கலைமதி.
"அண்ணே, சீனப்பள்ளியில கூப்பிட்டுட்டாங்க,
காத்திருந்தோம்ல, இடம் கிடைச்சிருச்சு.
நாளையிலேர்ந்து வேன்ல ஒரு சீட்டு இருக்குமா?"

அவள் மகன் யாரென்று தெரியும்.
அந்த ஐந்து பேரில் ஒருவன்.

"இருக்கு" என்றேன்.
"எண்பது வெள்ளி."

பக்கக் கண்ணாடியில், சின்னதாக,
கொடிக் கம்பத்துக்கு அருகில் ஒரு வரிசை.
ருத்ரிகா ஆறாவதாக நின்றுகொண்டிருந்தாள்.