ஒரு புள்ளி

காலிமுகத்திடலுக்கு அப்பால்
கடல் இருந்த இடத்தில் உட்கார்ந்து
சோற்றுப் பார்சல் பிரித்தோம்.
ஷென் யாவ் மணலில் விரலால் கீறினான்:
நாலு சுவர், உள்ளே பச்சைக்கல்.
"நாடு" என்றான்.
ஓரத்தில் அந்தப் புள்ளி?
"எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது அரசன்."
சொன்னபின் சுற்றுமுற்றும் பார்த்தான்.

எங்கள் எழுத்தில்
புள்ளி வைத்தால் உயிர் போகும்,
மெய் மிஞ்சும்.
சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பவள் நான்;
இதை அவனுக்குப் பெயர்க்கத் தெரியவில்லை.

வாசல் பலகையின் மூன்றாம் வரியில்
புள்ளிகளே இல்லை.
யாரும் கேட்கவில்லை, நானும்.

காவலாளி வந்தான்.
என்னிடம் மட்டும்
அடையாள அட்டை கேட்டான்.
பையைத் துழாவி நிமிர்வதற்குள்
கடற்காற்று
முதலில் புள்ளியைத்தான் தின்றிருந்தது.