பனி அள்ளும் கூலி

பல்கேரியாவில் எங்களுக்கொரு மரவீடு இருக்கிறது.
சொல்லிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.
சாட்ஸ்வொர்த்தில், ஏழாவது யூனிட்டில்,
மழை பெய்தால் ஒழுகும் கராஜுக்கு மேலே உட்கார்ந்து
நான் அதன் கணக்கை எழுதுகிறேன்.

பூபாலன் கீசர் மாட்டுகிறவர்.
இருபத்தாறு வருஷமாய் ஊரார் கூரைகளுக்குள் தவழ்ந்து
ஊராருக்கு வெந்நீர் கொடுத்தவர்.
ஒருநாள் பக்கியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்,
சட்டையெல்லாம் கண்ணாடிப் பஞ்சு,
கையில் வழவழப்பான ஒரு தாள்.
ரேண்ட் விழுந்துகொண்டேதான் இருக்கும்,
யூரோவில் ஒரு கால் ஊன்றிவைப்போம் என்றார்.
ஊன்றினோம்.
இந்த வீட்டின் மேல் இன்னொரு கடன்,
என் கையில் நான்கு வளையல் குறைவு.

எட்டு சதவீதம் வருமென்றான் விற்றவன்.
எதில் எட்டு என்று கேட்டேன்.
அவன் படத்திலிருந்த மலையைக் காட்டினான்.

கட்டிலின் அகலம் தெரியும், கதவின் பூட்டு எண் தெரியும்,
சமையலறையில் ஆறு கரண்டி, ஐந்து முட்கரண்டி
(ஆறாவது ஒரு டேனிஷ் குடும்பத்தோடு போய்விட்டது).
பனி தெரியாது.
ஃப்ரீசர் சுவரில் படிந்ததைச் சுரண்டி
இப்படித்தான் இருக்குமோ என்று
யாரும் இல்லாதபோது நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
மீன் வாடை அடித்தது.

மாதாமாதம் ஸ்டோயான் பட்டியல் அனுப்புவான்.
துப்புரவு. துணி வெளுப்பு. ஊராட்சி வரி.
பனி அள்ளும் கூலி.
அங்கே மட்டும் என் பேனா நின்றுவிடும்.
நாங்கள் தொட்டேயிராத ஒன்றை
எங்கள் வாசலிலிருந்து அப்புறப்படுத்தக்
காசு கொடுக்கிறோம்.
வெள்ளம் வந்த ஏப்ரலில்
இங்கே படிக்கட்டில் முழங்கால் ஆழம் சேறு;
பிரியாணிச் சட்டியாலும் பெயின்ட் டப்பாவாலும்
நாங்களே அள்ளினோம்.
அதற்கு எந்தப் பட்டியலிலும் ஒரு வரி இல்லை.

டிசம்பர் இருபத்தேழு, ராத்திரி.
மின்சாரம் போய் இரண்டு மணி நேரம்.
பூபாலன் பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
போனில் அந்த ஊர்க் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்:
லிஃப்ட் கம்பத்துக்கு இடப்பக்கம், மூன்றாவது கூரை.
"விளக்கு எரிகிறது" என்றார்.
"நம் வீட்டில் விளக்கு எரிகிறது."

அப்போது வந்தது செய்தி.
மரியெட்டா, ஐந்து பேர், ஏழு இரவு.
வெந்நீர் வரவில்லை. பிள்ளைகள் நடுங்குகிறார்கள்.
பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

டார்ச் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன்.
வங்கிக்காரன் வட்டி ஏறியதென்று சொன்னபோதுகூட
அப்படிப் போனதில்லை.
ஸ்டோயான் போனை எடுக்கவில்லை.
அந்த ஊர்ப் பிளம்பர் நாளை மறுநாள்தான் வருவானாம்.
"தெர்மோஸ்டாட்தான்" என்றார் சுவரைப் பார்த்து.
"பத்து நிமிஷ வேலை. பத்தே நிமிஷம்."

சட்டையை மாட்டச் சொன்னேன்.
பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு
வீடியோவில் அழைத்தார்.
கம்பளித் தொப்பியும் மூக்குச் சிவப்புமாய் அவள்.
மெயின் சுவிட்சை அணை. மூடியின் திருகைக் கழற்று.
சிவப்புப் பொத்தான் தெரிகிறதா,
இல்லையம்மா, அதற்குக் கீழே,
இன்னும் கீழே, பயப்படாமல் அழுத்து.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கிளிக்.
பல்லி சொன்னது மாதிரி இருந்தது.

நீங்கள்தான் பராமரிப்பு ஆளா என்று கேட்டாள்.
பூபாலன் என்னைப் பார்த்தார்.
"ஆமாம்" என்றார்.

நன்றிக்காகவோ என்னவோ, அவள் ஜன்னலைத் திறந்து
போனை வெளியே நீட்டினாள்.
வாசல் விளக்கடியில் விழுந்துகொண்டிருந்தது, எங்களுடையது.
அதற்குச் சத்தமே கிடையாது என்று
இத்தனை பட்டியலில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.
ஏதோ சொன்னாள்.
அதற்குள் இங்கே மின்சாரம் வந்து
ஃப்ரீசர் உறுமத் தொடங்கியதில்
கேட்கவில்லை.